யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள்? அண்மைக்காலக் குடும்பப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 தொடங்கி, குடும்பத்தை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்களைக் கூடுமானவரை திரையரங்கிலேயே பார்த்துவருகிறேன். பார்த்துவிட்டு வந்து பேசும்போது நண்பர்களும் உறவினர்களும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் விமர்சகரா?

இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ரசிகன். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு பற்றியெல்லாம் அதிகாரத்தோடு பேச எனக்குத் தகுதி கிடையாது. ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் எப்படிப் பேசிக்கொள்வார்கள், எப்போது பேசாமல் இருப்பார்கள் என்பது மட்டும் எல்லோரையும் போல எனக்கும் கொஞ்சம் தெரியும்.

குடும்பப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வீடு நிறைய ஆட்கள், பண்டிகைப் பாட்டு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் புகைப்படம் ஆகியவை இருந்தால் அது குடும்பப் படம் என்று விளம்பரம் செய்கிறார்கள். என் கணக்கு வேறு. ஒரே கூரைக்குக் கீழே வாழ்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் எதை மறைக்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள், அது வெளியே வரும் நாளில் என்ன ஆகிறது என்பதில் ஒரு படம் அக்கறை காட்டினால் அதைக் குடும்பப் படம் என்பேன். வெளியாட்களிடம் நாம் மறைப்பது பெரும்பாலும் மானத்துக்காக. வீட்டாரிடம் மறைப்பதில் மானத்தோடு பாசமும் பயமும் கலந்திருக்கும். அந்தக் கலவையைச் சரியாகப் பிடிக்கும் படம் சின்னப் படமாக இருந்தாலும் எனக்குப் போதும்.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது?

ஒரு இடைவேளையில் கிடைத்தது. 2025 ஜனவரியில் ராஜேஷ்வர் காளிசாமி இயக்கத்தில் மணிகண்டன் நடித்த 'குடும்பஸ்தன்' வெளியானது. வேலை போய்விட்ட ஓர் இளைஞன் அதை வீட்டில் சொல்லாமல், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு மேல் ஒரு பொய் என்று மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் கதை. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வயதானவருக்கு வேகமான வசனம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் விளக்கு எரிந்தது. அப்பா சட்டைப்பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "மூணு மாசம் நானும் இப்படிப் போயிருக்கேன், நீ மூணாவது படிக்கிறப்போ" என்றார். பிறகு எழுந்து தண்ணீர் வாங்கப் போய்விட்டார். இடப்பக்கம் இருந்த அம்மா திரையில் ஓடிய நகைக்கடை விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆண்டுகளாக வீட்டில் வராத பேச்சு, ஒரு நகைச்சுவைப் படத்தின் இடைவேளையில் வந்தது. அந்தப் படத்தின் பின்பாதியில் கடன்காரர்களின் கூத்து தேவைக்கு மேல் நீள்கிறது என்பதும், மாப்பிள்ளையாக வரும் குரு சோமசுந்தரம் திரையில் இருக்கும்போதெல்லாம் கதாநாயகனை ஓரம்கட்டிவிடுகிறார் என்பதும் வழக்கமாக நான் சொல்லக்கூடிய குறை நிறைகள். அன்றைக்கு அவை எனக்கு முக்கியமாகப் படவில்லை.

'3 பிஎச்கே' படத்தைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். நீங்களும் அழுதீர்களா?

ஓர் இடத்தில் தொண்டை அடைத்தது. வேறோர் இடத்தில் எரிச்சல் வந்தது. அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை அடிப்படையாக வைத்து ஸ்ரீகணேஷ் எடுத்த படம் அது. சரத்குமார், தேவயானி, சித்தார்த், மீதா ரகுநாத் நால்வரும் ஒரு நடுத்தரக் குடும்பமாகவே தெரிகிறார்கள். சொந்த வீட்டுக்காகச் சேர்த்துவைக்கும் பணத்தை ஒவ்வொரு முறையும் படிப்போ மருத்துவமோ கல்யாணமோ வந்து விழுங்கிவிடுகிறது. பணம் சேர்வதும் கரைவதும் பல ஆண்டுக் கதையாக நம் கண்முன் நடப்பதே படத்தின் பலம்.

எரிச்சல் எதற்கென்றால், இத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டுக் கனவைச் சுமந்த நால்வரில் ஒருவர்கூட, 'நமக்கு இந்த வீடு உண்மையாகவே வேண்டுமா' என்று வாய்விட்டுக் கேட்பதாக எனக்குப் படவில்லை. அப்பாவின் கனவு மகனின் கடமையாக மாறுவதைப் படம் உருக்கத்தோடு பார்க்கிறதே தவிர, சந்தேகத்தோடு பார்ப்பதில்லை. 1988-இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு' இதே நிலத்தில் நடக்கும் கதை. அர்ச்சனா நடித்த சுதா என்ற பெண் ஒரு சிறிய வீட்டைக் கட்டத் தொடங்கி, ஒப்பந்தக்காரரிடமும் கடனிடமும் அலுவலகங்களிடமும் சிக்கிச் சின்னாபின்னமாகிறார். சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, பாதி எழும்பிய அந்தச் சுவர்களைத் தடவிப் பார்க்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் படம் வீட்டை முடித்துக் கையில் கொடுப்பதில்லை. '3 பிஎச்கே' கொடுத்துவிடுகிறது. அரங்கை விட்டு வெளியே வருபவர்களுக்கு அந்த ஆறுதல் தேவைப்படலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு நெருக்கமானது பாதியில் நின்ற சுவர்தான்.

அதே நாளில் வந்த 'பறந்து போ' அப்படியானால் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டுமே?

மிகவும் பிடித்தது. 2025 ஜூலை 4-ஆம் தேதி ஒரு படம் குடும்பத்தை வீட்டுக்குள் குடியேற்றப் பாடுபட, ராம் இயக்கிய இன்னொரு படம் அப்பனையும் மகனையும் வீட்டைவிட்டு வண்டியில் கிளப்பிக்கொண்டு போனது தற்செயலான வேடிக்கை. அப்பாவும் அம்மாவும் வேலைக்காக ஓடிக்கொண்டிருக்க, பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் சிறுவன்தான் கதையின் மையம். மிர்ச்சி சிவா நடித்த அப்பாவுக்குப் பணக் கஷ்டம் உண்டு; அதை மகனிடம் மறைக்கத் தெரியாத அப்பா அவர். பையனுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே அடம்பிடிக்கிறான். குழந்தைகளைப் பற்றி நாம் ஒத்துக்கொள்ள விரும்பாத உண்மை இது. பாட்டுகள்தாம் எண்ணிக்கையில் கொஞ்சம் அதிகம்.

'மெய்யழகன்' நீளமான படம், பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறார்களே?

பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் வெளியானபோது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த படத்திலிருந்து, சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். வெட்டுவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். இருவர் மது அருந்திக்கொண்டு வரலாறு, வீரம் என்று பேசும் பகுதியில் எனக்கும் கவனம் சிதறியது.

இருந்தாலும் அந்தப் படத்தின் அடிப்படைச் சிக்கலை நினைத்து நினைத்து வியக்கிறேன். 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சித்தப்பா மகளின் திருமணத்துக்கு வருகிறார். அங்கே ஒருவன் 'அத்தான்' என்று வந்து ஒட்டிக்கொள்கிறான். அன்பைக் கொட்டுகிறான், வீட்டுக்கு அழைத்துப்போகிறான், பழைய கதைகளையெல்லாம் சொல்கிறான். இவருக்கோ அவன் பெயர் தெரியவில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை; ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் சங்கடம்; ஓர் இரவு முழுக்க அவன் வீட்டில் தங்கிவிட்ட பிறகு கேட்பது குற்றம். அரவிந்த் சாமியின் முகத்தில் அந்தக் குற்றவுணர்வு நிமிடத்துக்கு நிமிடம் கனத்துக்கொண்டே போகிறது. கல்யாண வீடுகளில் 'என்னை யார்னு தெரியுதா' என்று கையைப் பிடித்துக்கொள்ளும் பெரியவர்களிடம் மாட்டி, தெரிந்ததுபோல் சிரித்துவைத்த அத்தனை பேருக்கும் அந்த முகம் தெரியும்.

இவர்கள் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள், அந்த வீட்டாருக்கு வாழ்க்கையையே தொடங்கிவைத்தது என்று தெரியவரும் இடம் இன்னொன்று. நாம் இழப்பாக மட்டுமே நினைத்துவைத்திருக்கும் ஒன்று இன்னொருவர் வீட்டில் நன்றியாக இருக்கிறது. பிரேம்குமார் அதை எழுதிய விதத்துக்காகவே அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் யாருக்கும் தெரியாமல் வாழும் குடும்பம், அந்தத் தெருவையே திருத்திவிடுகிறது. சசிகுமார் வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் இளகிவிடுகிறார். சட்டமும் காவல்துறையும் அகதிகளிடம் இவ்வளவு எளிதாக இளகுவதில்லை என்பது நமக்குத் தெரியும். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் 'யார் எதை மறைக்கிறார்கள்' என்று பார்த்தால் படம் கூர்மையாகிவிடுகிறது. இந்தக் குடும்பம் மறைக்க வேண்டியிருப்பது தன் தமிழை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் பேச்சையே அடக்கிக்கொண்டு, கேட்பவர்களிடம் கேரளம் என்று சமாளிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் ஊருக்கு வந்து தமிழை ஒளித்துவைப்பதைவிடக் கசப்பான நகைச்சுவை வேறு என்ன இருக்க முடியும்? பெற்றோர் அதைச் சிரித்துச் சமாளிக்க, மூத்த மகனால் முடியாமல் போகிறது. அவனுடைய கோபம் படத்தின் இனிப்புக்கு நடுவே சரியான அளவில் விழுந்த உப்பு.

பொல்லாத அப்பாக்களைக் காட்டும் படங்கள் குடும்பத்தோடு பார்க்கத் தக்கவையா?

அவற்றைத்தான் குடும்பத்தோடு பார்க்க வேண்டும். ஆர். மந்திரமூர்த்தி இயக்கிய 'அயோத்தி' (2023) படத்தில், அயோத்தியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வரும் குடும்பத்தின் அப்பா, வீட்டில் ஒரு கொடுங்கோலர். வழியில் நடக்கும் விபத்தில் மனைவி இறந்துபோக, தீபாவளி விடுமுறை நாளில், மொழி தெரியாத ஊரிலிருந்து உடலை விமானத்தில் கொண்டுபோக வேண்டிய நெருக்கடி. சான்றிதழ், அனுமதி, கையெழுத்து, பணம் என்று நகரும் அந்த ஓட்டத்தில் துக்கப்படக்கூட யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை; மரணம் நடந்த எந்த வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். அதுவரை வாயே திறக்காத மகள், அப்பாவை நோக்கி வெடிக்கும் இடம் எனக்கு அண்மைக்காலப் படங்களில் மிக முக்கியமான காட்சி. மொழி புரியாதவர்கள் சுற்றி நிற்க, அவள் இந்தியில் கத்துகிறாள். ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் புரிகிறது. (ராமேஸ்வரத்துக்கு வரும் இந்தக் குடும்பத்துக்குக் கைகொடுப்பதும் சசிகுமார், பிறகு 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் ராமேஸ்வரத்தில் குடும்பத்தோடு வந்து இறங்குவதும் அவரே.)

ராம்குமார் பாலகிருஷ்ணனின் 'பார்க்கிங்' (2023) வேறு ரகம். ஒரே வீட்டின் மேல்மாடி, கீழ்மாடிக் குடித்தனக்காரர்கள் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக ஒருவரையொருவர் அழிக்கும் அளவுக்குப் போகிறார்கள். 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது இதற்குத்தான், எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் வந்தது. ஆண்கள் இருவரின் சண்டை பற்றியே எல்லோரும் பேசினார்கள். நான் பார்த்தது அவரவர் வீட்டுப் பெண்களின் முகங்களை. இவர்களுடைய வீம்பு தங்கள் வீட்டு வாசலுக்குள் எப்போது நுழையும் என்று காத்திருப்பவர்களின் முகங்கள் அவை.

பிடிக்காத படம் ஒன்றாவது சொல்லுங்கள்.

'தலைவன் தலைவி' (2025). விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் கணவன் மனைவியாகத் திரையை நிறைக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. இரண்டு பக்கத்து உறவினர்களும் மூக்கை நுழைத்து ஒரு சின்ன மனத்தாங்கலை விவாகரத்துவரை இழுத்துச் செல்வதைப் பாண்டிராஜ் நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரும் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாத குடும்பத்தில் எனக்குத் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது? கைநீட்டி அடிப்பதும் தம்பதிகளுக்குள் சகஜம் என்பதுபோல் சிரிப்பாக்கப்பட்டிருப்பது இன்னும் உறுத்தியது. அரங்கில் கைதட்டல் பலமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைகளோடு எவற்றைப் பார்க்கலாம்?

'பறந்து போ'வைத் தயங்காமல் பார்க்கலாம். மற்றவற்றுக்குத் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள். இப்போது 'யுஏ' பிரிவையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருப்பதால் பெற்றோருக்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது.

சு. அருண்குமார் இயக்கி சித்தார்த் நடித்த 'சித்தா' (2023) பற்றித் தனியாகக் கேட்பார்கள். அண்ணன் மகளை வளர்க்கும் சித்தப்பாவின் கதை. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பேசுகிறது. குழந்தைகளை அழைத்துப்போகாதீர்கள், ஆனால் பெற்றோர் பார்த்தே ஆக வேண்டும். ஒரு குழந்தை எதை, யாருக்குப் பயந்து, எப்படி மறைக்கும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தமிழ்ப் படம் எனக்கு வேறு நினைவில் இல்லை. மாரி செல்வராஜின் 'வாழை' (2024) விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றது. வாழைத்தார் சுமக்கப் போகாமல் இருக்க அந்தச் சிறுவன் செய்யும் சாக்குகளைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், முடிவில் சில கேள்விகள் கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

'கொட்டுக்காளி'யை எப்படிக் குடும்பப் படம் என்கிறீர்கள்?

ஒரு குடும்பமே ஓர் ஆட்டோவிலும் சில இருசக்கர வாகனங்களிலும் கிளம்பி, காதலித்த ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் அழைத்துப்போகிறது. இதைவிடக் குடும்பப் படம் எது? பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே இல்லாமல் எடுத்திருக்கிறார். அன்னா பென் நடித்த மீனா பேச மறுக்கிறாள். சுற்றியிருப்பவர்கள் அவளுக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 'வாழை' வெளியான அதே நாளில் வந்ததால் இந்தப் படத்தைத் தவறவிட்டவர்கள் பலர்.

அந்தக் காலக் குடும்பப் படங்கள்போல இப்போது வருவதில்லை என்பது உண்மைதானே?

அந்தக் காலப் படங்களை நாம் சரியாக நினைவு வைத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) என்றவுடன் கூட்டுக்குடும்பத்தின் பெருமை என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் படத்தின் முடிவில், பிரிந்தவர்களை எல்லாம் சேர்த்துவைத்த மூத்த மருமகளே, தனித்தனியாக இருந்துகொண்டு அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். விசு 1986-இல் காட்டிய அந்தத் துணிச்சலை இன்றைக்குப் பல படங்கள் காட்டுவதில்லை.

இந்தப் படங்களில் பொதுவாக உங்களுக்கு உள்ள குறை என்ன?

அம்மாக்களுக்கு ரகசியம் கிடையாது. அப்பா கடனை மறைக்கிறார், மகன் வேலையை மறைக்கிறான், மகள் காதலை மறைக்கிறாள். அம்மா எல்லோருக்கும் நடுவில் கலங்கிய கண்களோடு நிற்கிறார். அவரிடம் மறைக்க எதுவும் இல்லாததால், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் எதுவும் இல்லை என்று படங்கள் முடிவு செய்துவிடுகின்றன.

விதிவிலக்குகள் உண்டு. சுரேஷ் மாரியின் 'ஜெ பேபி' (2024) படத்தில், காணாமல்போன அம்மா கொல்கத்தாவில் இருக்கிறார் என்று தெரிந்து, பேசிக்கொள்ளாத இரண்டு மகன்கள் சேர்ந்து போகிறார்கள். ஊர்வசி நடித்த அந்த அம்மா சிரிக்கவைத்துக்கொண்டே நம்மை அச்சப்படுத்துகிறார். பெருமாள்முருகனின் 'கோடித்துணி' சிறுகதையிலிருந்து உருவான 'அங்கம்மாள்' படத்தில், ரவிக்கை அணியாத அம்மாவால் மகனுக்கு வெட்கம். கீதா கைலாசம் அந்த வெட்கத்தைக் காலில் தள்ளிவிட்டு நடக்கிறார். மலையாளத்தில் கிறிஸ்டோ டோமி இயக்கிய 'உள்ளொழுக்கு' (2024) இன்னும் ஆழம். குட்டநாட்டில் வெள்ளம் வடிந்தால்தான் இறந்த மகனை அடக்கம் செய்ய முடியும் என்ற நிலையில், தண்ணீர் சூழ்ந்த வீட்டில் ஊர்வசியும் பார்வதியும் மாமியார் மருமகளாக, ஆளுக்கொரு உண்மையை மறைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஊர்வசிக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது.

உங்கள் அம்மாவுக்கு எந்தப் படம் பிடித்தது?

'உள்ளொழுக்கு'. அதை வீட்டில்தான் பார்த்தோம். அப்பா வெளியே போயிருந்தார். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த மூணு மாசம் எனக்குத் தெரியாதுன்னுதான் உங்கப்பா இன்னும் நெனச்சுட்டு இருக்கார்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரின் செருப்பு, வாங்கிய ஒரே மாதத்தில் குதிகால் பக்கம் அப்படித் தேயாது. நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறவர் செருப்புதான் அப்படித் தேயும் என்றார். அதே அளவில் இன்னொரு ஜோடி வாங்கி வாசலில் வைத்துவிட்டு, தள்ளுபடியில் கிடைத்தது என்று அப்பாவிடம் சொன்னாராம்.

இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மூவருமாக இன்னொரு படத்துக்குப் போனோம். வழக்கம்போல இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன்.